எரியும் விளக்கும் ஏமாற்றும்



நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. இந்த நான்கு மாதங்களில் வீட்டு விளக்குக்கு வேலை மிகுதி. கள்ளக்குறிச்சியில் டிசம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரமே; சூன் மாதப் பகலைவிட 80 நிமிட அளவு குறைவு. விளக்குக்கு வேலை மிகும் அக்காலத்திலேதான் மழையும் பனியும் சுவரை நனைக்கின்றன.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் அறிவியல் கற்பித்தவன். இரும்பு எளிதிற்கடத்தி, ரப்பர் அரிதிற்கடத்தி என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அப்படிப்பட்டவன் வீட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

ஒரு கார்த்திகை மாதம். மூன்று நாளாக விடாத மழை. துணி உலர்த்தத் தாழ்வாரத்தில் கொடி கட்டினேன். கயிறு அகப்படவில்லை, இரும்புக் கம்பி அகப்பட்டது. அதன் ஒரு நுனியைச் சுவரிலிருந்த ஆணியில் முடிந்தேன். தாழ்வார விளக்குக்குச் செல்லும் மின்கம்பியும் அந்த ஆணியை உரசிக்கொண்டு சென்றது. அதன் மேலுறை வெயிலில் வெடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

மாலையில் ஈரத்துணியைக் கொடியில் இட்ட என் மனைவி, "ஐயோ!" என்று கையை உதறிப் பின்வாங்கினார். காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தது, பிழைத்தார். அந்த நொடியில் எங்கள் பேத்தி வெறுங்காலுடன், நனைந்த தலையைத் துவட்டக் கொடியிலிருந்த துண்டை எடுக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். "கிட்டே வராதே, கண்ணு!" என்று என் மனைவி கூவிய குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. நான் ஓடிச்சென்று மெயின் சுவிட்சை நிறுத்தினேன்.

அதுவரையில் தாழ்வார விளக்கு சிறிதும் மங்காமல் எரிந்துகொண்டிருந்தது! ப்யூஸும் போகவில்லை.

ஏன் போகவில்லை? 5 ஆம்பியர் ப்யூஸ் என்றால், 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் மிகும்போதுதான் அது உருகும். மனிதன் உயிரைப் போக்கவோ 100 மில்லி ஆம்பியரே போதும். ப்யூஸ் காப்பது கம்பியை, நம்மையன்று. நம்மைக் காக்க வல்லது ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்புக் கருவி. வீட்டினுள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலும் இணைப்பை உடனே துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் நன்று.

மழைநாளில் அக்கருவி விளக்கை அணைத்தால் சினம் கொள்ளாதீர்கள். அணைந்த விளக்கு நம்மை எச்சரிக்கிறது. அது மீண்டும் எரிந்தால் போதும் என்று அக்கருவியைத் தவிர்த்து இணைப்புக் கொடுப்பது, காவற்காரன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயல் நம் மாவட்டத்திலும் பெருமழை பொழிந்தது. அத்தகைய நாளில் தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அணுகாதீர்கள். பிறரையும் அணுகவிடாமல், மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவியுங்கள். எவரேனும் மின்சாரம் தாக்கி விழுந்தால் அவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு சொல். காற்றிலும் மழையிலும் மின்சாரம் நின்றால் சூரிய விளக்கு கைகொடுக்கும். ஆனால் குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலிலும் ஏறத்தாழ 55 பாகை உயரமே ஏறுகிறது. ஆகவே பலகையைத் தெற்கு நோக்கிச் சாய்த்து, மர நிழல் படாமல் வைத்துத் தூசியைத் துடையுங்கள். மண்ணெண்ணெய் விளக்கானால் கூரைக்கும் போர்வைக்கும் எட்ட வையுங்கள். எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள்.

நாளைக் காலை, பகல் வெளிச்சத்தில், பெரியவர்களோடு உங்கள் வீட்டு மின்கம்பி செல்லும் வழியைக் கண்ணால் மட்டும் தொடர்ந்து பாருங்கள். எங்கே வெடிப்பு, எங்கே ஈரம், எங்கே கொடிக்கம்பி என்று குறித்துக்கொள்ளுங்கள். பழுதை மின்பணியாளர் பார்த்துக்கொள்வார்; அதைக் கண்டு சொல்வது உங்கள் பணி.

எங்கள் தாழ்வாரத்தில் இப்போது இருப்பது நைலான் கயிறு. அதையும் ஆணியில் கட்டவில்லை, மரத்தூணில்தான் கட்டியிருக்கிறேன்.