ஜில்லுவை இரண்டு முறை கொடுத்த கதை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற முறை இதே இடத்தில் நின்று பராமரிப்புக் கட்டணக் கணக்கு வாசித்தேன். சமோசா வந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டீர்கள். இன்று கணக்கு இல்லை, பயப்படாதீர்கள். ஒரு நாயைப் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். பி பிளாக் லிஃப்டில் உங்களோடு ஏறி இறங்கிய ஜில்லுதான். அவள் கதையில் பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியில் என் தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேச ஒத்துக்கொண்டேன்.

ஜில்லு பத்து மாத லாப்ரடார். இரண்டாவது மாடியில் இருந்த இளம் தம்பதி குட்டியாக வாங்கி வளர்த்தார்கள். திடீரென்று வெளிநாட்டில் வேலை, மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் அழுததைப் பார்த்தவன் நான். "யாராவது நல்லவங்க இருந்தா சொல்லுங்க அங்கிள்" என்றார்கள். "நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டேன். கேட்காமலே கை தூக்குவது ரிட்டயர் ஆனவர்களுக்கு வரும் வியாதி என்பாள் என் மனைவி.

காப்பகத்தில் விட்டால் என்ன என்று அப்போது சிலர் கேட்டீர்கள். தெருவில் அடிபட்டும் நோய்ப்பட்டும் கிடப்பவற்றுக்கே அங்கே இடம் போதுவதில்லை. நன்றாக இருக்கிற வீட்டு நாய்க்கு அது கடைசி இடமாக இருக்க வேண்டுமே தவிர, முதல் இடமாக அல்ல.

சரி, நான் என்ன செய்தேன்? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். "அழகான, அமைதியான, நன்கு பழகிய லாப்ரடார். இலவசம்." கூடவே ஒரு படம். ஒரு மணி நேரத்தில் நான்கு அழைப்புகள். "ஒரிஜினல் பிரீடா சார்? குட்டி போடுமா?" என்று கேட்ட இருவரை நானே தவிர்த்துவிட்டேன். அதுவரை புத்தி இருந்தது. மூன்றாம் நாள் வண்டலூர்ப் பக்கமிருந்து ஒருவர் காரில் வந்தார். நிறைய இடம் இருக்கிறது, காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றார். மரியாதையாகப் பேசினார், கையோடு பிஸ்கட் பாக்கெட் கொண்டு வந்திருந்தார். இருபத்தைந்து நிமிஷத்தில் ஜில்லு கார் ஏறிவிட்டாள்.

நான் வங்கியில் மேனேஜராக இருந்தவன் இல்லை. பெரும்பாலும் சேமிப்புக் கணக்குக் கவுண்டர்தான். அந்தக் காலத்தில் ஒரு கணக்கு தொடங்க ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து சற்றுக் கோணலாக இருந்தால்கூடத் திருப்பி அனுப்பியவன் நான். ஆனால் ஜில்லுவை வாங்கிப் போனவரின் வீட்டு முகவரியைக்கூட எழுதி வாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து போன் செய்தேன். "நல்லா இருக்கு சார்." ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன், வரவில்லை. மறுபடி கேட்டேன், வரவில்லை. போனிலேயே இடத்தை விசாரித்துக்கொண்டு, ரயிலில் வண்டலூர் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

அது வீடு இல்லை. பாதி கட்டி நின்ற கட்டடம். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் ஜில்லுவைக் கட்டியிருந்தார்கள். படுத்தால் தலையைத் தரையில் வைக்க முடியாத அளவு சங்கிலி குட்டை. பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பா, அதில் தண்ணீர் இல்லை. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த மனிதர் கொடியவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "இது குரைக்கவே மாட்டேங்குது சார். யார் வந்தாலும் வாலாட்டுது. மோட்டார் ஒயரை வேற கடிச்சுப் போட்டுது. கட்டாம என்ன சார் பண்றது?" என்றார். அவர் கேட்டது காவல் நாய். நான் கொடுத்தது திருடனோடும் சிநேகமாகிவிடும் லாப்ரடார். அவள் ஒயர், செருப்பு, நாற்காலிக் கால் எல்லாம் கடிப்பாள் என்பது எனக்கு முன்பே தெரியும். சீக்கிரம் போக வேண்டுமே என்று எழுதாமல் விட்டேன். பழைய கடனை மறைத்துப் புதுக்கடன் கேட்டு வருபவர்களை எங்கள் கிளையில் எவ்வளவு ஏளனமாகப் பேசியிருப்போம்!

திரும்பும்போது மூன்று ஆட்டோக்காரர்கள் நாயா என்று போய்விட்டார்கள். நான்காமவர் "ஏத்துங்க சார், பாவம்" என்று தன் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார்.

அந்தத் தம்பதி அதற்குள் விமானம் ஏறிவிட்டார்கள். ஜில்லு என் வீட்டில் 41 நாள் இருந்தாள். நீங்களே வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்டீர்கள். லாப்ரடார் பத்து, பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு 67. நான் கூட்டிப் பார்த்தேன், மனைவியின் முழங்காலையும் சேர்த்து. முடியாது என்று வந்தது. இந்த 41 நாளில் லிஃப்டில் சிரமப்பட்டவர்களிடமும், டோர்மேட்டை இழந்த நான்காவது மாடி மேடத்திடமும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை எழுதியபோது உள்ளதை எழுதினேன். "பத்து மாதம். காவலுக்கு உதவாது. கையில் கிடைத்ததைக் கடிக்கும். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய்விடும். தனியாக நாலு மணி நேரத்துக்கு மேல் விட்டால் ஊளையிடும். குழந்தைகளிடம் மிகவும் பிரியம். கருத்தடை ஆபரேஷன் செய்த பிறகே தருவோம்." அழைப்புகள் சட்டென்று குறைந்தன. குட்டி வியாபாரம் நினைத்தவர்கள் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பேசியவர்களிடம் நானும் கேட்டேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்தாரா? முன்பு நாய் இருந்ததா, அது என்ன ஆயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும். "யாருக்கோ குடுத்துட்டோம்" என்றால் நானும் மரியாதையாக போனை வைத்துவிடுவேன். நங்கநல்லூரிலிருந்து பேசிய ஒருவரின் வீட்டு நாய் வயதாகி இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. அவர் நான் கேட்டதைவிட அதிகம் கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிடும்? ரேபிஸ் ஊசி எப்போது போட்டது, அடுத்தது எப்போது? படுக்கப் பழைய துணி ஏதாவது உண்டா? நேரில் போய் வீட்டைப் பார்த்தேன். பாட்டி, பள்ளிக்கூடம் போகும் பெண் உட்பட எல்லோரிடமும் தனித்தனியாகச் சம்மதமா என்று கேட்டேன். பாட்டி சிரித்தார்.

தடுப்பூசிப் புத்தகம், அவள் படுக்கும் போர்வை, ஒரு வாரத்துக்குப் பழகிய சாப்பாடு எல்லாம் கொடுத்தோம். மாநகராட்சி உரிமத்தை அவர் தன் பெயரில் எடுத்தார். இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் எந்த நேரமும் என்னிடமே கொண்டு வாருங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். முகவரியும் வாங்கிக்கொண்டேன்!

இங்கே நாய் வளர்க்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வேலை மாற்றம், பிரசவம், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, எதுவானாலும் முடியாது என்று தோன்றும்போதே சொல்லுங்கள், கிளம்பும் வாரத்தில் அல்ல. நல்ல இடம் கிடைக்க இரண்டு மாதமாவது ஆகிறது. இரவில் காரில் ஏற்றி ஈ.சி.ஆரில் இறக்கிவிடலாம் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். நான் வண்டலூரில் பார்த்த குட்டைச் சங்கிலியும் அதே பிரிவில்தான் வருகிறது. அந்தச் சட்டம் எழுதியபோது முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 50 ரூபாய் வரைதான் என்பது வேறு விஷயம்.

குட்டி வாங்க நினைப்பவர்கள் ஒரு பத்து மாத நாயை ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உடம்பு வளர்ந்திருக்கும், புத்தி குட்டியாகவே இருக்கும். புதுப் பல் எல்லாம் ஆறேழு மாதத்தில் முளைத்துவிடும். கடிக்கிற ஆசை ஒன்றரை, இரண்டு வயதுவரை போகாது.

நங்கநல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போட்டோ வருகிறது. போன வாரம் போட்டோவில் ஜில்லுவோடு ஒரு புதுத் தோல் செருப்பும் இருந்தது, பாதி. பதறிப்போய் போன் செய்து, "நான் வாங்கித் தந்துடறேன் சார்" என்றேன்.

"எதுக்கு சார்? நீங்கதான் முன்னாடியே எழுதியிருந்தீங்களே" என்றார்.