ஊர்க் கிணறும் இந்த ஊர் ஆறும்
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். படிச்சுப்போட்டு வந்து, இங்கே பக்டரியில் வேலை செய்யிறவன். சூழல் நீதி பற்றி ஆராய்ச்சி செய்கிற எங்கட மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அண்ணா, ஊரில் தண்ணி எங்கே அள்ளினீங்கள்?"

கிணத்திலதான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் தண்ணிதான் எங்கட உயிர். சுன்னாகத்தில் அந்தத் தண்ணியில் கழிவெண்ணெய் கலந்தது. சனம் போராடியது, வழக்கும் நடந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் மின்சாரக் கம்பெனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது.

இங்கேயும் அதே கதைதான். நியூவார்க் அயன்பவுண்ட் பகுதியில், வியட்நாம் யுத்தத்துக்குக் களைகொல்லி செய்த ஆலையின் டயொக்சின் நஞ்சு பசேயிக் ஆற்றின் சேற்றில் படிந்தது. குப்பை எரிக்கிற ஆலையும் அந்தப் பக்கம்தான். வாடகை குறைஞ்ச இடத்துச் சனம் வாய் திறக்காது என்ற நினைப்பு.

2020 இல் இந்த மாநிலம் சட்டம் போட்டது. இப்படியான இடங்களில் பெரிய ஆலைக்கு அனுமதி கேட்பவர்கள் முதலில் பொதுக்கூட்டம் வைத்து மக்களின் கருத்தைக் கேட்க வேணும்.

எங்கட தெருவிலும் ஒருக்கா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, வாசிக்காமலே படுத்திட்டன். இனி அப்படிச் செய்ய மாட்டன். நீங்களும் வாசியுங்கோ, கூட்டத்துக்குப் போங்கோ. இங்கிலீஷ் தடக்கினாலும் எழும்பிக் கதையுங்கோ; பிள்ளையள் பக்கத்தில் நிண்டு மொழிபெயர்ப்பினம்.

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.