முதலில் மீட்டரைப் பாருங்க, பிறகு கூரையைப் பாருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



மின்சார சிக்கனம் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைதான் படிச்சேன். அதனால எங்க வீட்டுக் கணக்கையே சொல்றேன்.

2023 வெயில் காலத்தில் எங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 512 யூனிட் வந்துச்சு. பில் 2,046 ரூபாய். 500 யூனிட்டோட நின்னிருந்தா 1,725 ரூபாய்தான். 12 யூனிட்டுக்கு 321 ரூபாயா, மீட்டர்தான் தப்புன்னு சண்டைக்கே கிளம்பிட்டேன். மீட்டர் தப்பில்லை. அப்போ முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். 500க்குள் இருந்தா அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500ஐத் தாண்டினா அதே 100 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. தாண்டின யூனிட்டுக்கு 8 ரூபாய். இது 2022 செப்டம்பரில் வந்த விலை. அப்புறம் விலை இன்னும் ஏறியிருக்கு.

அன்னையிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு தினமும் மீட்டரைக் குறிச்சேன். மூணு விஷயம் தெரிஞ்சது.

ஒண்ணு, தோட்டத்து 60 வாட் குண்டு பல்பு. ராத்திரி முழுக்க எரிஞ்சு ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட் தின்னுது. 9 வாட் எல்இடி போட்டேன், 6 யூனிட்தான்.

ரெண்டு, தண்ணி மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய ஒரு யூனிட். டேங்க் நிரம்பி வழிஞ்சும் தினம் அரை மணி நேரம் ஓடிச்சு. 30 யூனிட் வீண்.

மூணு, பழைய ஃபேன். 75 வாட். தினம் 14 மணி நேரம் சுத்தினா ரெண்டு மாசத்துக்கு 63 யூனிட். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட், 25 யூனிட் போதும். குழுவில் உள்கடன் வாங்கி ரெண்டு ஃபேன் மாத்தினேன்.

அடுத்த வருஷம் அதே வெயில், 370 யூனிட். பில் 990 ரூபாய்.

அடுத்தது சோலார். நமக்கு வர்ற கரண்ட்டில் பெரும்பங்கு நிலக்கரியை எரிச்சு எடுக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிஞ்சு மீன்பாடு கெட்ட கதை கடலோரத்து அக்காங்களுக்குத் தெரியும். அதனால சோலார் நல்லதுதான். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலேயும் 78,000 மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தளம் வேணும். நாளைக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். ஆனா முதலில் நம்ம பணத்தைப் போடணும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும்.

அவசரப்படாதீங்க. 200 யூனிட்டுக்குள் ஓடுற வீட்டுக்கு பில்லே குறைவுதான். அவங்க கடன் வாங்கி சோலார் போட்டா வட்டிக்கே காணாது. சிக்கனம் செஞ்சும் 400, 500 தாண்டுற வீட்டுக்குத்தான் கட்டுபடியாகும்.

இன்னொண்ணு. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. சோலார் இருந்தா அந்த மாதிரி ராத்திரியில் விளக்கு எரியும்னு நிறைய பேர் நினைக்கிறோம். பேட்டரி இல்லாத சோலார் எரியாது. பகலிலும் லைனில் கரண்ட் போனா தானா நின்னுடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. புயலுக்கு ஒரு சார்ஜ் விளக்கைத் தனியா வெச்சுக்கோங்க. கடலோர வீட்டில் போடுறதா இருந்தா துருப் பிடிக்காத சட்டமும், காத்துக்கு அசையாத போல்ட்டும் கேட்டு வாங்குங்க. உப்புப் படிஞ்சா கண்ணாடியைக் காலையில் நல்ல தண்ணியில் கழுவணும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு சேமிப்புப் பணத்தோட உங்க வீட்டு கரண்ட் பில்லையும் கொண்டு வாங்க. யாருக்கு பல்பு, யாருக்கு ஃபேன், யாருக்கு சோலார்னு சேர்ந்து உக்காந்து கணக்குப் பார்ப்போம். ஃபேன் மாத்த உள்கடன் கொடுக்கலாமான்னு தீர்மானமும் போடுவோம்.