பட்டறையும் பாசறையும்



தொழிற்சாலையின் மின்பலகையில் எந்த இணைப்பு அளவு மீறிச் சூடேறியிருக்கிறது என்பதைத் தொடாமலே காட்டும் கேமரா ஒன்று உண்டு. வெப்பத்தை உருவமாகக் காணும் அக்கருவி, இருள் சூழ்ந்த எல்லைப்புறத்தில் பதுங்கி வருபவனையும் காட்டிக் கொடுக்கும். வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோன், தக்கவாறு மாற்றியமைத்தால், மலையுச்சிக் காவல் நிலைக்கு மருந்துப் பெட்டியைச் சுமந்து செல்லும். குடிமக்களுக்கும் படையினருக்கும் ஒருங்கே உதவும் இத்தகைய பொருள்களை இருபயன் பொருள்கள் என்று கூறலாம்.

முன்னர் இவ்வகை அறிவு பெரும்பாலும் படையிலிருந்து வீட்டுக்கு வந்தது. ராடாருக்குப் பயன்பட்ட மின்குழலிலிருந்தே மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது. இன்றோ, சிறு நிறுவனங்கள் சந்தைக்காகச் செய்யும் பொருள்களைப் படைகளும் நாடுகின்றன. ஆயினும், பட்டறையிலிருந்து பாசறைக்குச் செல்லும் வழி நெடியது. அவ்வழியைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

பெங்களூரின் பீன்யாவிலோ, புணேயை அடுத்த பிம்ப்ரியிலோ பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் தமிழர் ஒருவர் அத்தகைய கேமராவைச் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் மூன்று வாயில்கள் உள்ளன. படைக்கு என்ன தேவை என்று அறிவது முதலாவது. பொருள் பனியையும் மணற்காற்றையும் தாங்கும் என்று மெய்ப்பிப்பது இரண்டாவது. கொள்முதல் ஆணை பெறுவது மூன்றாவது.

முதல் வாயிலைத் திறப்பதற்காக, 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடைபெற்ற பாதுகாப்புக் கண்காட்சியில் ‘ஐடெக்ஸ்’ திட்டம் தொடங்கப்பெற்றது. படைகள் தம் இடர்ப்பாடுகளை வினாக்களாக வெளியிடும். விடைகாண வல்ல புத்தொழில் நிறுவனங்களும் சிறு தொழில்களும் தனி ஆராய்ச்சியாளரும் விண்ணப்பிக்கலாம் என்பது ஏற்பாடு. மாதிரிப் பொருள் செய்ய ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. அதற்கு ஈடான பங்கை நிறுவனமும் இட வேண்டும். பின்னர் ‘ஐடெக்ஸ் பிரைம்’ வழியாக 10 கோடி வரையும், 2024 மார்ச்சில் வந்த ‘அதிதி’ திட்டத்தின் வழியாக 25 கோடி வரையும் உதவி விரிந்தது.

இரண்டாம் வாயிலுக்கு, 2020 மே மாதத்தில் 400 கோடி ரூபாயில் சோதனை நிலையத் திட்டம் அறிவிக்கப்பெற்றது. அதன்கீழ், ஆளில்லா விமானம், மின்னணுப் போர்முறை, ஒளி மின்னணுவியல் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் மூன்று நிலையங்கள் அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தனியொரு பட்டறையால் வாங்க இயலாத சோதனைக் கருவிகளைப் பலரும் பயன்படுத்த வழிசெய்வதே இதன் நோக்கம்.

மூன்றாம் வாயிலே மிகக் கடினமானது. மாதிரியைப் பார்த்தவர்கள் மெச்சுவர். ஆணை மட்டும் வாராது. அதுவரை தொழிலாளர் ஊதியமும், வாடகையும், வங்கி வட்டியும் காத்திருப்பதில்லை. நல்ல கருவி செய்தவர்கூட இவ்விடைவெளியில் பட்டறையை மூட நேரிடலாம். இதை உணர்ந்தே, தேவை ஏற்கப்பட்ட நாள் முதல் ஒப்பந்தம் வரை ஏறத்தாழ 22 வாரங்களில் முடியுமாறு, ஐடெக்ஸ் கொள்முதல் முறை 2022 ஏப்ரலில் எளிதாக்கப்பட்டது. எனினும், அதற்கு முன் நிகழும் சோதனைகளுக்கும் காலம் செல்லும் அன்றோ?

இருபயன் என்பதன் உண்மையான மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. படையின் ஆணை வரும்வரை பட்டறைக்குச் சோறு போடுவது குடிமக்கள் சந்தையே. மும்பையில் 2007-இல் தொடங்கப்பெற்ற ஐடியாஃபோர்ஜ் நிறுவனம், இராணுவத்திடமிருந்து ஏறத்தாழ 2 கோடி டாலர் மதிப்புள்ள ஆணை பெற்றதாக அறிவித்தது 2021 ஜனவரியில். அதன் டிரோன்கள் வரைபடப் பணிக்கும் காவல் பணிக்கும் பயன்படுபவை. நம் கேமரா நண்பரும் தொழிற்சாலை வாடிக்கைகளைக் கைவிடாமலே பாசறையின் கதவைத் தட்டுவாராக.

அவர் கருத்தில் கொள்ள வேண்டியவை வேறு இரண்டும் உண்டு. குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்கு, பொருளை ஏற்றபின் 45 நாளுக்கு மேல் பணம் தாமதிக்கலாகாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இருபயன் பொருளை வெளிநாட்டுக்கு விற்குமுன், அது ‘ஸ்கோமெட்’ என்னும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருப்பின் உரிமம் பெறுதல் இன்றியமையாதது.

வாங்கும் அதிகாரிகளும் ஒன்றை நினைவிற் கொள்ளலாம். பத்துக் கருவிகளுக்கான சிறிய ஆணையாயினும், உரிய காலத்தில் கிடைத்தால், அது பாராட்டுப் பத்திரத்தினும் பேருதவியாகும். அவ்வாணையைக் காட்டி அவர் வங்கியில் கடன் கேட்கலாம். அடுத்த வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் பெறலாம்.

நேயர்களே, நீங்கள் வாழும் நகரங்களில் ஓய்வுபெற்ற படைவீரரும், பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் பணியாற்றிய பொறியியலாளரும் நம்மவரிடையே பலர் உள்ளனர். களத்தின் தேவை முன்னவருக்குத் தெரியும். விண்ணப்பத்தின் நுணுக்கம் பின்னவருக்குத் தெரியும். பொங்கல் விழாவுக்குக் கூடும் தமிழ்ச் சங்கம், ஒரு மாலைப் பொழுதை இவர்கள் சிறு தொழிலாளரோடு அமர்ந்து பேச ஒதுக்கலாகாதா? அந்த உரையாடல், நல்லதொரு பட்டறையை மூடாமற் காக்கவும் கூடும்.