களிமண்ணும் இரும்பும்: வயலிலும் கிணற்றிலும் ஒரே வினை

(வேளாண் மாணவர்களுக்கும் களப்பணி அலுவலர்களுக்குமான உரை)



நம் நாட்டின் செம்மண் நிலங்களுக்கு நிறத்தைத் தருவது இரும்பு. கைக்குழாயிலிருந்து தெளிவாக வந்த நீர், குடத்தில் சற்று நேரம் நின்றதும் பழுப்பேறுவதற்கும் பல இடங்களில் அதுவே காரணம். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாகும் இவ்வினையில் களிமண்ணுக்கு உள்ள பங்கைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். உழவர் இடும் மணிச்சத்து பயிருக்குக் கிட்டுமா, மக்கள் பருகும் நீரிலிருந்து ஆர்செனிக் நீங்குமா என்னும் இரு கேள்விகளும் இவ்வினையோடு பிணைந்தவை.

ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் இரும்பு, ஃபெரஸ் அயனியாகக் கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது ஃபெரிக் நிலைக்கு மாறி, கரையாத ஆக்சைடாகப் படிகின்றது. இதன் வேகம் நீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்தது. நடுநிலையை ஒட்டி, பி.எச். மதிப்பு ஓர் அலகு உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ 100 மடங்கு உயரும். முதலில் படிந்த ஆக்சைடு அடுத்து வரும் இரும்பைத் தன்மேல் ஈர்த்து வினையை மேலும் விரைவுபடுத்தும்.

களிமண் கனிமங்கள் இங்கு மூன்று வகையில் குறுக்கிடுகின்றன. முதலாவது, அவற்றின் தகடுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. எனவே ஃபெரஸ் அயனிகளைப் பற்றிக்கொள்ளும். தகட்டின் விளிம்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு பிணையும் இரும்பு, எலெக்ட்ரானை ஆக்சிஜனுக்கு எளிதில் கொடுத்து விரைவாக மாறுகின்றது. தகடுகளின் இடையே நீர் உறையோடு தங்கும் இரும்புக்கு இந்த விரைவு இல்லை. கயோலினைட்டின் அயனி மாற்றுத்திறன் 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்விவலெண்ட். மாண்ட்மாரிலோனைட்டுக்கு 80 முதல் 150 வரை. ஆகவே களிமண்ணின் அளவோடு அதன் வகையையும் அறிதல் வேண்டும்.

இரண்டாவது, களிமண் மெல்லச் சிதையும்போது அலுமினியமும் சிலிக்காவும் வெளிப்படுகின்றன. அலுமினியம் இருந்தால் லெபிடோகுரோசைட் என்னும் ஆக்சைடு உருவாவது தடைப்பட்டு, கோதைட் உருவாகும். சிலிக்கா மிகுந்தால் ஃபெரிஹைட்ரைட் என்னும் நுண்துகள் ஆக்சைடு படிகமாக வளராமல் நீடிக்கும். ஒரு கிராம் ஃபெரிஹைட்ரைட்டின் புறப்பரப்பு 200 சதுர மீட்டருக்கும் மேல். பரப்பு மிகுந்தால் பற்றும் ஆற்றலும் மிகும்.

மூன்றாவது, உருவான ஆக்சைடு களிமண் தகடுகளின்மேல் பூச்சாகப் படிந்து அவற்றைச் சிமெண்டுபோல் பிணைக்கின்றது.

இம்மூன்றாவது செயலின் விளைவைக் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் காணலாம். 1800-இல் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்ட பிரான்சிஸ் புக்கானன், அங்கு மக்கள் மண்ணைக் கட்டிகளாக வெட்டி வீடு கட்டுவதைக் கண்டார். வெட்டும்போது மென்மையாக இருந்த மண் காற்றில் உலர்ந்து கல்லாக இறுகியது. செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் எனப் பெயரிட்டு, 1807-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். இத்தகைய மண்ணில் கயோலினைட்டும் இரும்பு ஆக்சைடுகளும் கலந்திருக்கும்.

இந்நிலங்களில் உழவர் இடும் மணிச்சத்தின் பெரும்பகுதியை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பற்றிக்கொள்கின்றன. காசு கொடுத்து வாங்கிய உரம் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. அமிலத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்பு இடுதல், உரத்தை வேருக்கு அருகில் இடுதல், தொழுவுரம் சேர்த்தல் ஆகியவை இவ்விழப்பைக் குறைக்கும்.

நீர் தேங்கிய நெல் வயலில் இதே வினை பின்னோக்கி நடக்கின்றது. ஆக்சிஜன் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக மாற்றுகின்றன. ஆக்சைடு கரைந்து, அது பற்றியிருந்த மணிச்சத்தும் விடுபடுகின்றது. நீரை வடித்துக் கோதுமை விதைக்கும்போது புதிய நுண்துகள் ஆக்சைடு உருவாகி மீண்டும் அதைப் பற்றிக்கொள்ளும். நெல்லை அடுத்துக் கோதுமை பயிரிடும் இடங்களில் மணிச்சத்தைக் கோதுமைக்கு இடுவதில் முதன்மை காட்டுவது இதனால்தான்.

வயலில் பயிருக்கு நன்மை செய்யும் இந்தப் பின்னோக்கிய வினையே நிலத்தடியில் பெருந்தீங்காகின்றது. மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் நச்சுக்கு ஆளானவர்கள் 1983-இல் கண்டறியப்பட்டனர். இமயத்திலிருந்து கங்கை கொணர்ந்த வண்டலில், மணல் மற்றும் களிமண் துகள்களின் ஆக்சைடுப் பூச்சு ஆர்செனிக்கைப் பிடித்து வைத்திருந்தது. புதைந்த தாவரப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் அப்பூச்சைக் கரைத்தன; ஆர்செனிக் நீரில் கலந்தது. குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

இந்நீரில் காற்றைக் கலந்தால் இரும்பு ஆக்சைடாகி, ஆர்செனிக்கையும் பற்றிக்கொண்டு படியும். ஆயினும் நீரில் இரும்பு மிகுந்திருப்பதைக் கண்டே ஆர்செனிக் நீங்கிவிடும் என்று முடிவு செய்தல் கூடாது. நீரிலுள்ள பாஸ்பேட்டும் சிலிக்காவும் ஆக்சைடின் பரப்பில் இடத்துக்குப் போட்டியிடும். படியாத நுண்துகள்களையும் உண்டாக்கும். அவை மணல் வடிகட்டியைக் கடந்து குடத்துக்கே வந்துவிடக்கூடும். வடிகட்டிய நீரையும் காலமுறையில் சோதித்தல் இன்றியமையாதது.

இனி, வடிகட்டியில் சேரும் செந்நிறக் கசடு. இதைக் குளத்திலோ தாழ்ந்த நிலத்திலோ கொட்டுவது பெரும் பிழை. சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் ஆக்சைடு கரையும். நாம் செலவு செய்து பிரித்த ஆர்செனிக் மீண்டும் நீருக்குத் திரும்பும். நீர் தேங்காத, காப்புள்ள இடத்தில் கசடைச் சேமிக்கும் ஏற்பாடு, குடிநீர்த் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.

மாணவர்கள் மண்ணை ஆராயும்போது களிமண்ணின் வகையையும் ஆக்சைடின் வடிவையும் சேர்த்துக் குறிக்கப் பழகுவார்களாக. திட்டம் தீட்டும் அலுவலர்கள், இரும்பு எவ்வளவு என்பதோடு, அது எந்நிலையில் உள்ளது, எதன்மேல் படிந்துள்ளது, நீர் தேங்கினால் என்னாகும் என்றும் கேட்பார்களாக. உழவரின் உரச் செலவும் கிராம மக்களின் உடல்நலமும் இக்கேள்விகளைச் சார்ந்துள்ளன.