கண்ணாடி ஏறவில்லையா? மோட்டாரை மாற்றும் முன்...

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பகுதியில் காமராஜர் தினசரிச் சந்தைக்கும், புளியரை வழியாகக் கேரளத்துக்கும் லோடு ஏற்றிப் போகும் பிக்கப் வண்டிகள் நிறைய. டாடா ஸெனான், ஸ்கார்ப்பியோ கெட்டவே போன்ற பழைய இரட்டை கேபின் வண்டிகளை வைத்திருப்பவர்களும் உண்டு. இவற்றில் பவர் விண்டோ இருக்கும். வயதான வண்டியில் அது ஒருநாள் நின்றுபோகும். அதுவும் குற்றால சீசன் சாரலில், கண்ணாடி கீழே இறங்கிய நிலையில் நின்றால் சீட் முழுவதும் நனைந்துவிடும்.

உடனே பலரும் சொல்வது, "மோட்டார் போயிடுச்சு, மாத்திடுங்க" என்பதுதான். மோட்டாரும் ரெகுலேட்டரும் சேர்த்து வாங்கினால் சில ஆயிரங்கள் ஆகிவிடும். மாற்றிய பிறகும் கண்ணாடி அசையாவிட்டால் பணம் போனது போனதுதான். கணக்கில் வித்தியாசம் வந்தால் பேரேட்டையே மாற்றுவதில்லை. ஒவ்வொரு பதிவாகத்தானே சரிபார்க்கிறோம்? இதற்கும் அதே முறைதான்.

முதல் கேள்வி: எல்லாக் கதவும் வேலை செய்யவில்லையா, ஒரு கதவு மட்டுமா? எல்லாம் நின்றிருந்தால் பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். 20 ஆம்பியர் மஞ்சள் நிறம், 30 ஆம்பியர் பச்சை நிறம். செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது தீ விபத்தை அழைத்து வைப்பது போல. டிரைவர் கதவில் மட்டும் வேலை செய்து மற்றவை நின்றிருந்தால், அங்கே இருக்கும் 'லாக்' பொத்தானைப் பாருங்கள். யாராவது தெரியாமல் அழுத்தியிருப்பார்கள்.

ஒரு கதவு மட்டும் என்றால் சாவியை ஆன் செய்து, சுவிட்சை அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் வந்து கண்ணாடி அசையாவிட்டால், ரெகுலேட்டரின் கேபிளோ பல்சக்கரமோ உடைந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் உள்விளக்கு மட்டும் சற்று மங்கினால், கரண்ட் போகிறது, ஆனால் மோட்டார் சிக்கி நிற்கிறது. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் கரண்டே போய்ச் சேரவில்லை.

கரண்ட் சேராததற்கு இரண்டு காரணங்கள்தான் அதிகம். ஒன்று, சுவிட்ச். உள்ளே காண்டாக்ட் கருத்துப் போயிருக்கும். வேறு கதவின் சுவிட்ச் அதே மாதிரி இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்; செலவில்லாத சோதனை.

இரண்டாவது, கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய். அதற்குள்தான் ஒயர்கள் போகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவைத் திறந்து மூடுகிறோம்! பத்துப் பதினைந்து வருடத்தில் மேல் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கதவை மெல்லத் திறந்து மூடிக்கொண்டே சுவிட்சை அழுத்துங்கள். ஏதோ ஒரு நிலையில் கண்ணாடி அசைந்தால் குற்றவாளி அந்த ஒயர்தான். நம் தெருவில் ஒரு தம்பியின் வண்டிக்கு மோட்டார் விலை விசாரித்தாகிவிட்டது. கடைசியில் அறுந்தது ஒரு சாண் ஒயர். அதே கனமுள்ள ஒயரைப் பற்றவைத்து, இணைப்பு வளையும் இடத்தில் வராதபடி தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் மறுபடியும் அறும்.

சந்தேகம் தீர 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். மோட்டாருக்கு வரும் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே பல்பை வைத்துச் சுவிட்சை அழுத்துங்கள். நன்றாக எரிந்தால் கரண்ட் சரி, மோட்டாரைச் சந்தேகிக்கலாம். எரியாவிட்டால் சுவிட்சும் ஒயரும்தான். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இந்த இரண்டு ஒயர்களில்தான் பிளஸ் மைனஸ் மாறுகிறது. ஆகவே இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள்.

"கொஞ்ச நேரம் வேலை செய்யுது, கொஞ்ச நேரம் நிக்குது" என்றால் கண்ணாடி ஓடும் ரப்பரைப் பாருங்கள். ரோட்டுத் தூசி படிந்து காய்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும். மோட்டார் திணறிச் சூடானதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு கரண்டைத் துண்டிக்கும். ஆறியதும் மறுபடி ஓடும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். இன்ஜின் ஆயிலும் கிரீஸும் வேண்டாம். தூசியை இன்னும் பிடிக்கும், ரப்பரும் கெடும்.

கதவின் உட்பலகையைக் கழற்றினால் மூன்று எச்சரிக்கைகள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியை மேலே ஏற்றி மேல்சட்டத்தோடு டேப் போட்டு நிறுத்துங்கள். விழுந்தால் விரலைப் பதம் பார்க்கும். கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டரில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் மோட்டாரைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டுங்கள். மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். கதவின் அடியில் உள்ள துளைகளையும் குச்சியால் சுத்தம் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பழைய வண்டிகளில் சீசா போல இருபக்கமும் சாயும் சுவிட்ச் இருக்கும். தலையை வெளியே நீட்டும் குழந்தையின் முழங்கால் பட்டால் கூடக் கண்ணாடி ஏறிவிடும். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி இறந்த பிறகு, மேல்நோக்கி இழுத்தால்தான் ஏறும் சுவிட்ச் வேண்டும் என்று 2005இல் சட்டமே வந்தது. நம் பழைய வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கலாம். எதிலாவது தடுத்தால் தானாக இறங்கும் வசதியும் இருக்காது. எனவே ரிப்பேர் முடிந்து கண்ணாடி வேகமாக ஏறத் தொடங்கிய அன்றே, 'லாக்' பொத்தானும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் இருக்கும்போது சாவியை வண்டியில் விட்டு இறங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போவது தவறில்லை. ஆனால் "கண்ணாடி வேலை செய்யல" என்று சொல்வதற்கும், "பல்பு எரியுது, மோட்டார் சுத்தல" என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும்.

சாரல் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு கதவையும் சோதித்துவிடுங்கள்.