ஒரு சொல்லா, இரு சொல்லா?



நம் இளைஞர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தும் பணி நமக்குப் பல்லாண்டுகளாக வாய்த்திருக்கிறது. விண்ணப்பத்தின் இறுதியில் வரும் உறுதிமொழியில், 'இதனால்' எனப் பொருள்படும் 'ஹியர்பை' என்னும் ஆங்கிலச் சொல்லை இளைஞர் ஒருவர் 'ஹியர்' என்றும் 'பை' என்றும் பிரித்து எழுதி, நம்மிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார். அதைக் கண்ட அலுவலர் ஒருவர், "இவர்களுக்கு ஆங்கிலம் எங்கே வரப்போகிறது?" என்றாராம். பிழை ஓர் இடைவெளி. தீர்ப்போ ஒரு சமூகத்தின்மேல்! இத்தகைய பிழையை ஆங்கிலேயரும் செய்கின்றனர். அவர்களை எவரும் குலங்கூறிப் பழிப்பதில்லை. ஆயினும் பிழை பிழையே.

அச்சொல்லைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற குழு வரைந்த அரசியலமைப்பின் முகப்புரையில், 1949 நவம்பர் 26 என்னும் நாளை அடுத்து, அது ஒரே சொல்லாக நிற்கிறது.

இடைவெளி காதுக்குக் கேட்பதில்லை, கண்ணுக்கே தெரியும். தமிழில் 'பலகை' வேறு, 'பல கை' வேறு அன்றோ? அவ்வாறே 'எவ்ரி டே' என்று பிரித்தால் 'நாள்தோறும்'. 'எவ்ரிடே' என்று சேர்த்தால் 'அன்றாட'. நாள்தோறும் பள்ளிக்கு வருகிறோம் என்பதற்கு இரு சொல்; அன்றாட வேலை என்பதற்கு ஒரு சொல். ஐயம் எழுந்தால் நடுவே 'சிங்கிள்' என்னும் சொல்லை நுழைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் பிரித்தே எழுதுக. 'மேபி' சேர்ந்தால் 'ஒருவேளை'; அங்கே 'பெர்ஹாப்ஸ்' பொருந்தும். 'மே பி' பிரிந்தால் 'இருக்கலாம்' என்னும் வினை. 'ஆல்ரெடி' என்றால் 'முன்னரே'. எல்லாரும் ஆயத்தம் என்னும்போது அது இரு சொல்லாகும், 'எல்' எழுத்தும் இரண்டாகும்.

'இன் ஃபேக்ட்', 'எ லாட்' ஆகியவை என்றும் பிரிந்தே நிற்கும். 'கேன்நாட்' பெரும்பாலும் சேர்ந்தே வரும். இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை, வழக்கே விதி. 'இன்று' என்னும் பொருளுடைய 'டுடே'யைக்கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் நடுவே சிறுகோடிட்டே எழுதினர்.

கணிப்பொறி திருத்திவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பிரித்த இரு துண்டுகளும் தனித்தனியே சரியான சொற்களாயின், அது பெரும்பாலும் பிழை காணாது. அகராதியைப் புரட்டுங்கள்.

நம் அறை வாயிற்பலகையில் 'ஹெட்மாஸ்டர்' என்பதே நெடுங்காலம் இரு சொல்லாகத் தொங்கியது. மாணவி ஒருத்தி அகராதியுடன் வந்து காட்டிய பின்னரே சேர்த்து எழுதச் செய்தோம்.